ஏற்றத்தில் கோச்சி நிற்கிறதா? சிமுலேட்டரில் நீராவி இஞ்சினுக்குப் பிழை பார்க்கும் முறை

திருகோணமலைக்கு 1927இல் றெயில் பாதை வந்தது. கல்லோயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வரும் அந்தப் பாதையில் றைவருக்கு வியர்க்கிற மாதிரி ஏற்றம் எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, திருமலைப் பெடியள் கணினி றெயில் சிமுலேட்டரில் சமதரையில் கோச்சியை வடிவாக ஓட்டுவார்கள். மலைப் பாதையை ஏற்றிய அன்றே நடுவழியில் நின்றுபோவார்கள்.

நின்றதும் எல்லாரும் செய்வது ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை, இன்னும் திறப்பதுதான். ஏற்றத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அதனால் இன்னும் மோசமாகும். நீராவி இஞ்சின் தோற்கக்கூடிய இடங்கள் மூன்று: சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள பிடி, சிலிண்டருக்குள் போகும் நீராவி, அந்த நீராவியை ஆக்கித் தரும் கொதிகலன். இப்போது எது தோற்கிறது என்று தெரிந்தபிறகுதான் கைவைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் ஓபன் ரெயில்ஸை மனதில் வைத்து எழுதியது. அது இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். மற்றச் சிமுலேட்டர்களில் விசைகள் மாறும், இஞ்சினின் குணம் மாறாது.

தொடங்குமுன் செட்டிங்ஸில் ஒன்றைப் பாருங்கள். எளிய கட்டுப்பாடு என்ற தெரிவு போடப்பட்டிருந்தால் இந்தக் கோளாறுகளில் பாதி வராது, வந்தாலும் நான் சொல்லும் மருந்து கேட்காது. அதை எடுத்துவிடுங்கள். ஏற்றத்தின் அடிவாரத்தில் எஃப்2 அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள்; கரண்ட் போனாலும் திரும்ப முதலிலிருந்து வரத் தேவையில்லை.

முதலில் ஒரு கணக்கு

மலைநாட்டுப் பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 அடி போனால் ஓரடி உயரம். கோணேசர் கோவிலுக்குச் சைக்கிளில் ஏறிப் பழகிய காலுக்கு இது ஏற்றமாகவே தெரியாது. இரும்புச் சில்லுக்குத் தெரியும்.

இஞ்சினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்து 250 டன் என்று வைப்போம். 250ஐ 44ஆல் வகுத்தால் 5.7. மலை மட்டும் அத்தனை டன் விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. உருளும் தடைக்கு டன்னுக்கு 4 கிலோ வீதம் இன்னொரு டன். மொத்தம் 6.7 டன். வளைவுகள் இதற்கு மேலே.

இனி இஞ்சின் பக்கம். ஓட்டும் சில்லுகளின் மேல் 48 டன் எடை விழுந்தால், காய்ந்த தண்டவாளத்தில் அதில் கால்பங்கு, 12 டன் வரை, வழுக்காமல் இழுக்கலாம். தாராளம். மழை தூறி ஈரமானால் அது 15 சதவீதத்துக்கு இறங்கும்: 7.2 டன். தேவை 6.7. இடைவெளி அரை டன்தான். அதே கோச்சி, அதே மலை, அதே கை; நேற்று ஏறியது இன்று ஏறாததற்குக் காரணம் இந்த அரை டன். சிமுலேட்டரில் காலநிலையை மாற்றிவிட்டு மறந்துபோனவர்கள் இஞ்சினைத் திட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உதவும். அடிவாரத்தில் வேகமெடுத்து ஓடி ஏறலாம் என்று நினைப்பவர்களுக்கு: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் இயக்கசக்தி முழுவதையும் செலவழித்தாலும் கோச்சி 14 மீட்டர் உயரம்தான் ஏறும். 44க்கு 1 ஏற்றத்தில் அது 600 மீட்டர் சொச்சத் தூரம். மலைநாட்டுப் பாதையில் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையான ஏற்றம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். குட்டி மேட்டுக்கு ஓட்டம் உதவும், மலைக்கு உதவாது.

அறிகுறி: பிரஷர் கிடக்கிறது, ரெகுலேட்டர் திறந்திருக்கிறது, கோச்சி அசையவில்லை

பெறாமகன் ஒருவன் வாட்ஸப்பில் கேட்டான்: "சித்தப்பா, ரெகுலேட்டர் முழுக்கத் திறந்திருக்கு, பிரஷரும் கிடக்கு. கோச்சி நகருதில்ல."

"வக்கியூம் எவ்வளவு நிக்குது?"

"அதையும் பாக்கோணுமா?"

பார்க்க வேண்டும். இலங்கையின் நீராவிக் காலத்துக் கோச்சிகளும் பிரிட்டிஷ் பாதைகளின் கோச்சிகளும் வக்கியூம் (வெற்றிட) பிரேக்கில் ஓடியவை. குழாயில் 21 அங்குல வெற்றிடம் இருந்தால் பிரேக் முழுதாக விட்டிருக்கிறது. காற்று உள்ளே வர வரப் பிரேக் பிடிக்கும். ஊசி 16இலோ 17இலோ நின்றால் பிரேக் கட்டை இன்னும் சில்லில் உரசிக்கொண்டிருக்கும். சமதரையில் அது தெரியாது. ஏற்றத்தில் அதுவே போதும், கோச்சி நின்றுவிடும். எஃப்5 அழுத்தி வரும் தகவலில் வெற்றிட அளவைப் பாருங்கள். சின்ன எஜெக்டர் எப்போதும் திறந்திருக்க வேண்டும். குழாயில் கசியும் காற்றை ஓயாமல் வெளியேற்றுவது அதுதான்.

இதில் ஒரு பொறி உண்டு. பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் இஞ்சின்கள் 25 அங்குலத்தில் வேலைசெய்தவை. அப்படி ஒன்று இழுத்துவந்த பெட்டிகளில் 21 அங்குல இஞ்சினை மாட்டினால், பெட்டிகளின் பிரேக் சிலிண்டருக்குள் பழைய 25 அங்குலம் அப்படியே இருக்கும். உங்கள் இஞ்சினால் அதை ஒருபோதும் எட்ட முடியாது, பிரேக்கும் முழுதாக விடாது. நிஜத்தில் பெட்டி பெட்டியாகப் போய்க் கயிற்றை இழுத்துக் காற்றை உள்ளே விடுவார்கள். ஓபன் ரெயில்ஸில் ஷிஃப்ட்டோடு சாய்கோட்டு விசையை அழுத்தினால் பிரேக் முழுவதும் புதிதாகத் தொடங்கும். கைப்பிரேக் ஏதும் இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வக்கியூம் சரியாக இருந்தும் அசையாவிட்டால், கட்-ஆஃபை மாற்றும் ரிவர்சரைப் பாருங்கள். 25 சதவீதத்தில் விட்டுவிட்டு ஏற்றத்தில் கிளப்ப ஏலாது. பிஸ்டன் ஓட்டத்தின் எத்தனை பங்கு வரை நீராவி உள்ளே போகிறது என்பதுதான் கட்-ஆஃப். நின்ற நிலையில் அது 75 சதவீதம் வரை வேண்டும். டபிள்யூ விசையால் ரிவர்சரை முன்னால் முழுக்கத் தள்ளுங்கள்.

அறிகுறி: சத்தம் திடீரென்று வேகமாகிறது, மரங்கள் அதே வேகத்தில்தான் போகின்றன

சில்லு சுழல்கிறது. வேகமானி ஏறும், புகைக்கூட்டின் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கோச்சி மட்டும் மெதுவாகும். சுழலும் சில்லுக்குப் பிடி இன்னும் குறைவு என்பதால் தானாக நிற்காது.

ரெகுலேட்டரைக் கொஞ்சம் குறைப்பது வேலைக்காகாது. ஏ விசையை அழுத்தி முழுவதுமாக மூடுங்கள், சில்லு பிடித்ததும் மெல்லத் திறவுங்கள். தயங்கித் தயங்கிக் குறைத்தால் அந்த நேரத்தில் வேகமும் போகும், நெருப்பும் போகும்: சுழலும்போது எழும் பலத்த காற்றிழுப்பு கரியைத் தட்டிலிருந்து கிளப்பிப் புகைக்கூடு வழியாக வெளியே எறிந்துவிடும். ஒருதரம் நன்றாக வழுக்கிய பிறகு பிரஷர் ஏன் விழுந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

பிடி கூடத் தண்டவாளத்தில் மணல் தூவுவதற்கு எக்ஸ் விசை. வழுக்கத் தொடங்கிய பிறகு அதைத் தேடாதீர்கள். ஈரமான தண்டவாளமோ, குகையோ, கடும் வளைவோ வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே போடுங்கள். நிஜ இஞ்சினில், வேகமாகச் சுழலும் சில்லின்கீழ் மணலைப் போட்டால் ஒரு பக்கம் சட்டென்று பிடித்து இணைதண்டை வளைத்துவிடும். நல்ல றைவர் அதைச் செய்யமாட்டார். மணலும் முடியும் என்பதை நினைவில் வைத்து வளைவு கழிந்ததும் நிறுத்துங்கள்.

பிடி குறைவாக இருக்கும்போது ரெகுலேட்டரை முழுக்கத் திறந்து கட்-ஆஃபைக் குறைப்பதா, கட்-ஆஃபை நீளமாக வைத்து ரெகுலேட்டரைக் குறைப்பதா என்று கேட்பார்கள். மெதுவான வேகத்தில் நான் இரண்டாவதன் பக்கம். நீராவி நீண்டநேரம் தள்ளும்போது சில்லின் ஒரு சுற்றுக்குள் விசை ஏறி இறங்குவது குறைவு. விசை ஏறும் அந்த உச்சியில்தான் சில்லு வழுக்கும்.

அறிகுறி: பாதி மலையில் பிரஷர் விழத் தொடங்குகிறது

மிகுதி எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிகம் பேர் பலியாவது. இதில் காரணம் இப்போது இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் இருக்கிறது.

முதலில் கணக்கை முடிப்போம். 6.7 டன் விசையோடு மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற ஏறக்குறைய 730 குதிரைவலு வேண்டும். அதே கோச்சி 45இல் ஏற 1,100. கொதிகலன் நிரந்தரமாகத் தரக்கூடியது 800 என்றால், 45இல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேமித்து வைத்த வெப்பத்தைச் செலவழிக்கிறீர்கள். அதுவும் பிரஷர் ஊசியில் உடனே தெரியாது. கொதிநீரில் அடங்கிய வெப்பம் சற்றுநேரம் ஈடுகொடுக்கும், பிறகு ஒரேயடியாக விழும். 180 இறாத்தலில் இருந்த ஊசி 140க்கு வந்தால் இழுவிசையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் போய்விட்டது. மலையின் கணக்கு மாறவில்லை, உங்கள் கணக்கு மாறிவிட்டது.

எனவே ஊசி விழுகிறது என்றால் முதல் வேலை ரிவர்சரை எஸ் விசையால் ஐந்து சதவீதம் பின்னுக்கு எடுப்பது. வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும். 75 சதவீதக் கட்-ஆஃபில் ஒரு ஓட்டத்துக்குப் போகும் நீராவி 40 சதவீதத்தில் போவதைப்போல ஏறக்குறைய இரட்டிப்பு, இழுவிசையோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டரில் பிஸ்டன் ஓட்டங்கள் குறைவு, நீளமான கட்-ஆஃபைக் கொதிகலன் தாங்கும். 40இல் தாங்காது. ரிவர்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேகமும் ஊசியும் இரண்டும் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். அதுதான் அந்த இஞ்சின் அந்த மலையில் ஏறும் வேகம். அது 22 ஆக இருந்தால் 22தான். கால அட்டவணையைப் பார்த்து அவசரப்படுபவர்கள் நடுவழியில் நின்று அதைவிடப் பிந்துவார்கள்.

பிறகு நெருப்பு. கறுப்புப் புகை வந்தால் கரி அதிகம், காற்று குறைவு. நெருப்புத்தட்டின் கீழிருந்து காற்று விடும் டாம்பரைத் திறவுங்கள், நெருப்புப் பெட்டியின் கதவைச் சற்றே திறந்து மேற்காற்று விடுங்கள். புகையே இல்லாமல் ஊசி விழுந்தால் நெருப்பு மெலிந்துவிட்டது. இந்த இடத்தில் கரியை அள்ளி அள்ளிப் போடுபவர்கள் நெருப்பைக் குளிராக்குகிறார்கள். புதுக் கரி தான் சூடேறுவதற்கே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சிறிது சிறிதாக, அடிக்கடி. ஒவ்வொரு முறையும் கதவை மூடுங்கள். ரெகுலேட்டர் திறந்திருக்கும்வரை புகைக்கூட்டின் இழுப்பே நெருப்பை ஊதும், அந்த இழுப்பைச் செயற்கையாகத் தரும் புளோவர் வேண்டியதில்லை. ரெகுலேட்டரை மூடினால் மட்டும் புளோவரைத் திறவுங்கள்.

தானியங்கி ஃபயர்மனிடம் விட்டிருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அவருக்கு முன்னால் மலை இருப்பது தெரியாது. ஊசி விழுந்த பிறகுதான் கரி போடுவார். ஏற்றத்துக்கு முன்பே நெருப்பைக் கூட்டச் சொல்லும் வசதி ஓபன் ரெயில்ஸில் இருக்கிறது. அடிவாரத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னால் அதைப் போட்டுவிடுங்கள். ரம்புக்கனையில் கோச்சி நிற்கும் நேரத்தில் செய்யவேண்டியதும் அதுதான்: நெருப்புத்தட்டு முழுக்கச் சிவந்த கரி, நீர்மட்டக் கண்ணாடியில் முக்கால் தண்ணீர், சேஃப்டி வால்வ் திறப்பதற்குச் சற்றுக் கீழே ஊசி. வால்வ் திறந்து நீராவி சீறுவது கேட்க நன்றாக இருக்கும். எல்லாம் வீணாகப் போகும் தண்ணீரும் கரியும்.

கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் மூன்றாவது. தொட்டித் தண்ணீர் குளிர்ந்தது. மொத்தமாக விட்டால் ஊசி படுத்துவிடும். ஏற்றம் முழுக்க ஒரு இன்ஜெக்டரைச் சிறிய அளவில் ஓடவிடுங்கள். ஊசி விழுகிறது என்பதற்காக அதை மூடுவது உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, கண்ணாடியில் அரைக்கு மேல் தண்ணீர் இருந்தால் மட்டும் சரி.

அறிகுறி: கண்ணாடியில் தண்ணீர் இருந்தது, உச்சி தாண்டியதும் காணவில்லை

தண்ணீர் எங்கேயும் போகவில்லை. முதலே அவ்வளவு இருக்கவில்லை. நீர்மட்டக் கண்ணாடி றைவர் நிற்கும் பக்கம், கொதிகலனின் பின்முனையில் இருக்கிறது. புகைக்கூடு முன்னால் பார்த்து ஏறும்போது தண்ணீர் பின்னுக்குச் சாயும், கண்ணாடி உள்ளதைவிட அதிகம் காட்டும். உச்சி தாண்டி இறங்கத் தொடங்கியதும் எல்லாம் முன்னுக்கு ஓடும். நெருப்புப் பெட்டியின் கூரைத்தகடு பின்னால்தான் இருக்கிறது. அதன்மேல் தண்ணீர் இல்லாவிட்டால் தகடு சிவக்கும். அதிலுள்ள ஈய அடைப்பு உருகி நீராவி நெருப்பின்மேல் பாய்ந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. அது உருகாமல் தகடு மெலிந்தால் கொதிகலனே வெடிக்கும்.

பட்டிப்பொளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1,890 மீட்டர், நாட்டின் மிக உயரமான றெயில் நிலையம். அதை அடுத்து உச்சிக் குகை, பிறகு பதுளைப் பக்கம் இறக்கம். அந்தக் குகைக்குள் நுழையுமுன் கண்ணாடி முக்கால் காட்ட வேண்டும். ஏற்றத்தில் அரை என்று காட்டுவதை அரை என்று நம்பாதீர்கள். இந்தச் சாய்வைக் கணக்கிடாத சிமுலேட்டரிலும் இப்படியே ஓட்டிப் பழகினால், கணக்கிடும் ஒன்றுக்கு மாறும்போது கஷ்டமில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நிரம்ப நிரம்ப விட்டால் ரெகுலேட்டர் திறந்ததும் தண்ணீரே சிலிண்டருக்குள் போகும். புகைக்கூட்டிலிருந்து வெள்ளையாகத் தெறிக்கும், சத்தம் கம்மும், இழுவை போகும். தண்ணீர் சுருங்காது, சிலிண்டர் மூடியை உடைத்துவிடும். சி விசையால் சிலிண்டரின் வடிகுழாயைத் திறந்து ரெகுலேட்டரைக் குறையுங்கள்.

அறிகுறி: நின்றுவிட்டது, திரும்பக் கிளப்ப முடியவில்லை

முதலில் பிரேக்கைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். புளோவர் திறந்து, பிரஷரையும் தண்ணீரையும் மீட்டுக்கொள்ளுங்கள். குறைந்த பிரஷரில் இழுத்துப் பார்த்து இன்னும் குறைப்பதுதான் வழக்கமாக நடப்பது.

பிறகு ரிவர்சர் முழுக்க முன்னால், வடிகுழாய் திறந்து, மணல் போட்டு, ரெகுலேட்டரைச் சற்றே. நீராவி சிலிண்டரில் ஏறி இஞ்சின் இழுக்கத் தொடங்கும்போது பிரேக்கை விடுங்கள். வக்கியூம் பிரேக் விட நேரம் எடுக்கும், நீளமான கோச்சியில் இன்னும் அதிகம். அதற்குமுன் ரெகுலேட்டரைக் கூட்டினால் சில்லு சுழலும். வடிகுழாயைச் சில சுற்றுகளுக்குப் பின் மூடுங்கள். தளர்ந்த சங்கிலி மாட்டிய சரக்குப் பெட்டிகள் என்றால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பெட்டிகளை நெருக்கிவிட்டு இழுக்கலாம்; ஒவ்வொரு பெட்டியாக அசையும். ஆனால் சட்டென்று இழுத்தால் கொளுவி அறுந்துவிடும், அறுந்த பாதி கீழ்நோக்கி ஓடும். பயணிகள் கோச்சியில் இந்த வித்தை வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால் சுமை அதிகம். ஒரு பெட்டியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பின்னால் இன்னொரு இஞ்சினை மாட்டுங்கள். ரம்புக்கனையில் அப்படித் தள்ளும் இஞ்சின் மாட்டுவது பழைய வழக்கம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: வேகம் துள்ளித் துள்ளிப் போகிறது, காரணமில்லாமல் கொளுவி அறுகிறது

கோளாறு இஞ்சினில் இல்லை, லப்டொப்பில். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் மின்விசிறிகூட இல்லாமல் ஓட்டினால் கருவி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைக்கும். படம் திக்கும்போது விசைக் கணக்கும் திக்கும். பார்வைத் தூரத்தையும் நிழலையும் குறையுங்கள். அல்லது இரவில் ஓட்டுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் இந்த ஒரு இஞ்சின் மட்டும் ஏறவில்லை

அப்போது இஞ்சின் கோப்பைச் சந்தேகியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் நீராவி இஞ்சின்களில் பல, 2001இல் வந்த மைக்ரோசொஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காகச் செய்யப்பட்டவை. அந்தச் சிமுலேட்டரின் நீராவிக் கணக்கு மேலோட்டமானது. ஓட வைப்பதற்காகச் செய்தவர்கள் எண்களைக் கூட்டிக் குறைத்து எழுதினார்கள். ஓபன் ரெயில்ஸ் அதே எண்களை நிஜமென்று எடுத்துக் கணக்குப் போடும்போது ஒரு இஞ்சின் பிசாசு போல இழுக்கும், இன்னொன்று வெறும் பெட்டியைக்கூட இழுக்காது.

ஷிஃப்ட்டோடு எஃப்5 அழுத்தி விசைப் பக்கம்வரை போனால் இழுவிசை எவ்வளவு என்று காட்டும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கோப்பைத் திறந்து சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் ஓட்டம், சில்லின் விட்டம், கொதிகலன் பிரஷர் நான்கையும் அந்த இஞ்சினின் அச்சிட்ட விவரத்தோடு பாருங்கள். நெருப்புத்தட்டின் பரப்பும், ஆவியாக்கும் பரப்பும், ஓட்டும் சில்லுகளின்மேல் விழும் எடையும் பழைய கோப்புகளில் பெரும்பாலும் இருக்காது. ஓபன் ரெயில்ஸுக்கு அவை வேண்டும், நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நோட்பேடிலேயே திருத்தலாம். யுனிகோட் வடிவிலேயே சேமியுங்கள், வேறு வடிவில் சேமித்தால் இஞ்சின் பட்டியலிலிருந்தே காணாமல் போகலாம். கைவைக்குமுன் பழைய கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.